அத்தான் பாரம் தூக்கப் போனது

என் தையல் கடைக்கு மேல்மாடியில் ஜிம் வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. மன்னார் நகரத்தில் கட்டடத்துக்கா பஞ்சம்? ஷிஹாப் தம்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டு என் தலைக்கு மேலேயே இரும்பைக் கொண்டுவந்து இறக்கினார். பின்னேரமானால் போதும், மேலே தொம் தொம் என்று இரும்புத் தட்டுகள் விழும். கீழே நான் வெட்டி வைத்திருக்கும் பள்ளிக்கூடச் சட்டைத் துணியில் சுண்ணாம்பு உதிரும். கிழமைக்கு ஒரு தடவையாவது ஏறிப் போய்ச் சண்டை பிடிப்பேன். "மெதுவா வைக்கச் சொல்லுறன் அன்ரி" என்று ஷிஹாப் கையைக் கட்டிக்கொண்டு சொல்வார். ஒருவர் அவ்வளவு பணிவாகச் சொன்னால் அதற்கு மேல் எப்படிக் கத்துவது? இறங்கி வந்துவிடுவேன். அடுத்த நாளும் விழும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு என் அத்தானை நானே கூட்டிக்கொண்டு போவேன் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அத்தான் என்றால் என் அக்கா மேரி ரோஸின் புருசன் செல்வராசா. பள்ளிமுனை ஆள். மீசை அரும்பும் முன்பே கடலுக்குப் போனவர், சொந்தமாகப் படகு வைத்திருந்தவர். ஒரு மீனைக் கையில் தூக்கிப் பார்த்து இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். தராசு அதற்குப் பிறகு வந்து ஆமாம் போடும். அந்த விஷயத்தில் அவருக்கு இருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. சந்தையில் யாராவது மீனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் போதும், கூப்பிடாமலே போய் நிற்பார்.

போன வருசம் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. சீனி வருத்தம் அதற்கு முன்பே இருந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் விழவில்லை, அது எங்கள் குடும்பத்து வாய். ஒரே மகன் ஜெனோஜன் கனடாவில். அத்தான் படகை வேறு ஆட்களிடம் விட்டுவிட்டார். காலையில் கரைக்குப் போய் மீன் ஏலம் கூறிவிட்டு மத்தியானம் தாண்டி வீட்டுக்கு வருவார். மற்ற நேரமெல்லாம் அக்காதான். குளிப்பாட்டுவார், உடுப்பு மாற்றுவார், தலை இழுத்துவிடுவார். அவர் பின்னிவிடும் பின்னல் நங்கூரக் கயிறு மாதிரி இருக்கும், இரண்டு நாளைக்கு அவிழாது. அக்கா திட்டிக்கொண்டே தலையைக் கொடுத்திருப்பாள்.

கட்டிலிலிருந்து வீல்செயாருக்கும், வீல்செயாரிலிருந்து ஓட்டோவுக்கும் அவர் அக்காவை மாற்றும் விதம் ஒன்றுதான். இரண்டு கையையும் அவள் கக்கத்துக்குள் கொடுத்து, அணைத்து, அப்படியே அலாக்காகத் தூக்குவார். அக்காவும் சின்ன ஆள் இல்லை. அவரும் இளந்தாரி இல்லை. தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் ஓட்டோவிலிருந்து இறக்கும்போது அவர் கை நழுவிவிட்டது. அக்கா மணலில் விழுந்தாள். சேலை முழங்காலுக்கு மேல் ஏறிக் கிடந்தது. பூசைக்கு வந்த சனமெல்லாம் பார்த்தது. நாலைந்து பொடியன்கள் ஓடிவந்து தூக்கி வீல்செயாரில் இருத்தினார்கள். அத்தான் நின்ற இடத்திலேயே நின்றார்.

எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அன்று பின்னேரம் அக்கா சொன்னாள்: "இனி என்னைக் கோயிலுக்குக் கொண்டு போகாதேங்கோ. வாறவன் போறவனெல்லாம் தூக்கிவைக்க நான் என்ன மீன் பெட்டியே?"

பாடகர் குழுவில் முதற்குரல் பாடினவள் அவள். வருத்தம் வந்த பிறகும் முன்வரிசைக்குப் பக்கத்தில் வீல்செயாரை நிறுத்தி, இருந்தபடியே பாடினவள். அதற்குப் பிறகு வாசற்படியைத் தாண்ட மறுத்துவிட்டாள். கோயில் இல்லை, கடற்கரை இல்லை, என் வீடும் இல்லை. நாள் முழுக்கக் கட்டிலும் யன்னலும்தான்.

ஒரு கிழமை கழித்து அத்தான் என் கடைக்கு வந்து தையல் மெசினுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். மேலே தொம் என்று விழுந்தது. அண்ணாந்து பார்த்தார்.

"தங்கச்சி, மேல இருக்கிற பொடியன் ஆக்களுக்குப் பலம் வரப் பண்ணுவானோ?"

"ஆக்களுக்கு என்ன வருதோ தெரியாது. எனக்குத் தலையிடி வருது."

"எனக்குக் காணாது தங்கச்சி. பலம் காணாது. அண்டைக்கு எனக்குப் பலம் இருந்திருந்தா அவள் விழுந்திருக்கமாட்டாள்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா நான் அவளை விழுத்தினதை அவனுக்குச் சொல்லிப்போடாதை."

"ஊரே பார்த்தது, அத்தான்."

"ஷிஹாப் பார்க்கேல்லைத்தானே."

சாரத்தோடு மேலே ஏற வந்தவரை மறித்து, மிச்சத் துணியில் ஒரு காற்சட்டை தைத்துக் கொடுத்து, நானே கூட்டிக்கொண்டு போனேன்.

ஷிஹாப் முன்பு கத்தாரில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டில் மாற்றி, தள்ளுவண்டியில் கொண்டு திரிந்த ஆள். அங்கேயே ஜிம் வேலையும் படித்துக்கொண்டு வந்தார். அத்தானை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னத்துக்காக அங்கிள் பழகப் போறீங்க?" என்று கேட்டார்.

"சும்மா. உடம்புக்கு."

ஷிஹாப் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்த்தேன்.

"சரி. புதுசா தொடங்கிற எல்லாருக்கும் நான் குடுக்கிறது ஒரே புரோகிராம்தான். கிழமைக்கு மூண்டு நாள் வாங்க. குந்தி எழும்புறது, நிலத்தில இருக்கிறதைத் தூக்கிறது, தள்ளுறது, இழுக்கிறது. லேசான பாரத்தில தொடங்கி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போறது. வேற ஒண்டும் இல்லை."

அத்தானின் முகம் விழுந்துவிட்டது. குந்தி எழும்பவா மாடி ஏறி வந்தோம் என்று அவர் கண் என்னைக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து றொட்னி வந்து சேர்ந்தான். எங்கள் பக்கத்துப் பொடியன்தான். கை இரண்டும் புடைத்துப்போய், அவன் சட்டைக் கைகளை நான்தான் மூன்று தரம் பிரித்துத் தைத்திருக்கிறேன். "மாமா, என்ர புரோகிராமைச் செய்யுங்கோ. ஒரு நாள் நெஞ்சு, ஒரு நாள் முதுகு, மிச்ச நாளெல்லாம் கை. கை இப்பிடி வரும்" என்று மடித்துக் காட்டினான். அன்றிரவே கனடாவிலிருந்து ஜெனோஜன் ஒரு வீடியோ அனுப்பினான். அதில் ஒரு வெள்ளைக்காரன் இரண்டு தடித்த கயிறுகளைப் பிடித்து மூச்சு வாங்க ஆட்டிக்கொண்டிருந்தான். அத்தான் அதை முழுதாகப் பார்த்துவிட்டு, "கயிறு ஆட்டுறதுக்கு ஒருத்தன் பழக்கவேணுமே? நான் பிறந்ததிலயிருந்து ஆட்டுறன்" என்று போனை என்னிடம் தந்தார்.

கடைசியில் றொட்னியின் புரோகிராமைத்தான் எடுத்தார். அவர் கணக்கு அவருக்கு நேர். வலை இழுத்தது கை. மீன் தூக்கியது கை. அக்கா நழுவியதும் கையிலிருந்துதான். அப்படியானால் பலம் வரவேண்டியது கைக்கு.

"கையால தூக்கிறேல்லை அங்கிள், காலால தூக்கிறது" என்று ஷிஹாப் சொல்லிப் பார்த்தார்.

"தம்பி, நீ வலை இழுத்திருக்கிறியோ?"

"இல்லை அங்கிள்."

"அப்ப விடு."

ஒரு நாள் ஷிஹாப் விடாப்பிடியாக நீளக் கம்பி ஒன்றில் தட்டுகளைப் பூட்டி நிலத்தில் வைத்து, தூக்கச் சொல்லியிருக்கிறார். அத்தான் போய்ப் பிடித்தார். குதிகாலை நிலத்தில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, கரைவலை இழுப்பது போல் ஒரே இழுப்பு. கம்பி மேலே வரவில்லை. உருண்டு வந்து அவர் முழங்காலுக்குக் கீழே முட்டியது. மனுசன் பின்பக்கமாகப் பொத்தென்று இருந்தார். கீழே எனக்கு இரும்புச் சத்தம் கேட்கவில்லை, வேறு மாதிரிச் சத்தம் கேட்டது. கத்தரிக்கோலோடு மேலே ஓடினேன். அத்தான் நிலத்தில் இருந்தபடி, "வலையெண்டா வந்திருக்கும்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கம்பிப் பக்கமே அவர் போகவில்லை. சின்ன பாரங்களை இரண்டு கையிலும் பிடித்து மடக்கி நீட்டி, கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்வார்.

இந்த வருசம் எங்கள் தவக்காலமும் முஸ்லிம் ஆட்களின் நோன்பும் சேர்ந்தே தொடங்கின. ஷிஹாப் நோன்பு துறந்த பிறகுதான் ஜிம்மைத் திறந்தார். விபூதிப் புதனன்று அக்கா தவக்காலம் முழுக்க ஒருசந்தி பிடிக்கப் போவதாகச் சொன்னாள். ஒருசந்தி என்றால் ஒரு நாளைக்கு ஒரு நேரம் மட்டும் வயிறாறச் சாப்பிடுவது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"சீனி வருத்தக்காரருக்கு ஒருசந்தி இல்லையெண்டு பாதரே சொல்லுறவர், அக்கா."

"கடவுளுக்கும் எனக்கும் நடுவில நீ என்ன புறோக்கரோ?"

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மத்தியானம் நிறையச் சாப்பிடவேண்டும், இரவில் றொட்டியோ இடியப்பமோ கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுத்தான் குளிசை போடவேண்டும். அத்தான் விடியப்புறமே சமைத்து, அவள் இடது கைக்கு எட்டுகிற மாதிரி யன்னலோரம் மூடி வைத்துவிட்டுக் கரைக்குப் போவார். திரும்பி வரும்போது கோப்பை வழித்துத் துடைத்த மாதிரி இருக்கும். ஜிம்முக்குப் போகும் பின்னேரங்களில் இரவுச் சாப்பாட்டையும் அப்படியே வைத்துவிட்டுப் போவார். அதுவும் வெறுங்கோப்பையாகிவிடும்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அத்தான் கடைக்குள் நுழைந்த நுழைவை நான் மறக்கமாட்டேன். சட்டைக் கையை மேலே சுருட்டி விட்டிருந்தார்.

"தங்கச்சி, பிடிச்சுப் பார். இண்டைக்குக் காலமை அவளைத் தூக்கினன். ஒரு மூச்சும் வாங்கேல்லை. லேசா வந்தாள்."

நான் பிடித்துப் பார்த்தேன். என் கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் அவர் முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தை நான் கடைசியாக அவர் கலியாணத்தன்று பார்த்தது. இருக்கிற வேலையெல்லாம் விட்டுவிட்டு, "ஓம் அத்தான், கல்லு மாதிரி இருக்கு" என்று சொன்னேன். உயிர்த்த ஞாயிறுப் பாஸ்காவுக்கு அக்காவைக் கோயிலுக்குக் கொண்டு போய், அதே வாசலில், அதே சனத்துக்கு முன்னால் தானே இறக்கப் போவதாகச் சொன்னார். அதற்கு அவளுக்குப் புதுச் சட்டை தைக்கவேண்டுமாம். நான் அளவு நாடாவோடு அக்காவிடம் போனேன். அவள் தொளதொளவென்ற வீட்டுச் சட்டைக்குள் இருந்துகொண்டு, "பழைய அளவுக்கே தை. என்னைப் போட்டுப் புரட்டாதை" என்று விரட்டிவிட்டாள். அவள் விரட்டுவது புதிதா என்ன என்று நானும் வந்துவிட்டேன்.

பங்குனி நடுவில் ஒரு பின்னேரம். நோன்பு துறந்து ஷிஹாப் அப்போதுதான் ஜிம்மைத் திறந்திருந்தார். அத்தானையும் றொட்னியையும் தவிர யாரும் இல்லை. தைத்த திரைச்சீலையைக் கொடுக்க மேலே போன நான் அப்படியே நின்றுவிட்டேன். அத்தானுக்கு அன்று பெருமை தாங்கவில்லை. கோயில் வாசலில் நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் தன் வாயாலேயே ஷிஹாபிடம் சொன்னார். இப்போது மனைவியைத் தனியாக, லேசாகத் தூக்குவதையும் சொன்னார்.

ஷிஹாப் கேட்டுக்கொண்டிருந்தார். "அன்ரி எத்தினை கிலோ, அங்கிள்?"

"கிறிஸ்மசுக்கு முதல் கிளினிக்கில நிறுத்தவை. எழுபத்திரண்டு."

ஷிஹாப் நீளக் கம்பியில் அதே அளவுக்குத் தட்டுகளைப் பூட்டினார். "ஒருக்கா தூக்கிப் பாருங்க."

அத்தான் பிடித்துத் தம் கட்டினார். கம்பி நிலத்தை விட்டு எழும்பவில்லை. ஷிஹாப் இரண்டு தட்டைக் கழற்றினார். அப்போதும் எழும்பவில்லை. இன்னும் கழற்றி அறுபதுக்குக் கொண்டுவந்தார். இந்த முறை முழங்கால் நடுங்க, முகம் சிவக்க, முழங்காலுக்கு மேல் வரைக்கும் கொண்டுவந்து டமாரென்று போட்டார்.

"அன்ரி இவ்வளவு பாரமோ?"

"இல்லை இல்லை" என்று அத்தான் மூச்சு வாங்கினார். "இது அவளைவிடப் பாரம். அவள் இதிலும் லேசு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டார். தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். மீனின் நிறை தெரிந்த கைகள். தினமும் அவளைத் தூக்கும்போது அந்தக் கைகளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும். தனக்குப் பலம் வந்துவிட்டது என்ற சந்தோசத்தில் மனுசன் அதைக் கேட்கவில்லை.

"தங்கச்சி, கடையைப் பூட்டு. வீட்டை போவம்" என்றார்.

என் ஸ்கூட்டியில் பின்னால் இருந்து வந்தார். வழக்கமாக வருவதற்கு வெகு நேரம் முன்பே போய்ச் சேர்ந்தோம். வளவுக்குள் ஒரு கழுதை நின்றது. மன்னாரில் கழுதைகள் தெருவெல்லாம் திரிகின்றன, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தக் கழுதையை நான் பல தடவை அங்கிருந்து துரத்தியிருக்கிறேன், ஏன் இது இந்த வளவையே சுற்றுகிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. இப்போது அது யன்னல் கம்பிகளுக்கிடையே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அக்காவின் இடது கை ஒரு றொட்டித் துண்டை நீட்டிக்கொண்டிருந்தது.

கையும் களவுமாகப் பிடிபட்டாள். எங்களைக் கண்டதும் கையை உள்ளே இழுத்தாள். கழுதை கத்தியது.

நான் கத்திய கத்தலுக்குக் கழுதையே பரவாயில்லை. சோறு, பருப்பு, முட்டை எல்லாம் இதுக்கே? சாகப் பார்க்கிறீங்களோ? குளிசையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் என்னாகும் என்று தெரியாதோ? அவளுடைய வீட்டுச் சட்டையின் கழுத்துக்குள் தோளெலும்பு துருத்திக்கொண்டு நின்றதை அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். விரலில் குத்தி மெசினில் பார்த்தேன். சீனி நன்றாக இறங்கியிருந்தது. அவசரமாகத் தேத்தண்ணி ஊற்றி, சீனியை அள்ளிப் போட்டு, குடிக்கும் வரை பக்கத்தில் நின்றேன். இரண்டு மூன்று தடவை கண் இருட்டிக்கொண்டு வந்ததாக அப்போதுதான் ஒப்புக்கொண்டாள்.

அத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"ஏன் மேரி?"

"இன்னும் கொஞ்சம் குறைஞ்சா உங்களுக்குக் கஷ்டமில்லைத்தானே. பாஸ்கா வரைக்கும்தான் எண்டு நினைச்சன்."

"நான் எனக்குப் பலம் வந்திட்டுதெண்டெல்லே சொல்லித் திரிஞ்சன்."

"அதுக்குத்தான் சொல்லாம விட்டனான்" என்றாள் அக்கா. "கோயில் வாசல்லயிருந்து வந்த நாள்தொட்டு நீங்கள் ஒருக்காலும் சிரிக்கேல்லை. அண்டைக்கு என்னைத் தூக்கி இருத்திப்போட்டு, கையைப் பார்த்துச் சிரிச்சீங்கள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை."

அத்தான் அவள் விழுந்த கையை, அந்த உணர்ச்சியில்லாத வலது கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அழாமல் இருந்தது அக்கா மட்டும்தான். அவளுக்கு அழுகையைவிட வெட்கம் கூடுதலாக இருந்தது.

அடுத்த நாள் அத்தான் ஏலத்துக்குப் போகவில்லை. நான் ஷிஹாபைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நோன்பும் வெயிலுமாக வந்தவர், ஒரு கதிரையை இழுத்து அக்காவுக்கு முன்னால் போட்டுக்கொண்டு, "அன்ரி, உங்கட இடது காலால என்ர கையைத் தள்ளுங்க பார்ப்பம்" என்றார். அக்கா தள்ளினாள். கோபம் முழுவதையும் சேர்த்துத் தள்ளினாள் என்று நினைக்கிறேன், ஷிஹாப் கதிரையோடு பின்னால் போனார்.

"இந்தக் காலில ஒரு குறையும் இல்லையே. பிறகேன் முழுப் பாரத்தையும் அங்கிள் தூக்கிறார்?"

கேட்டால், கிளினிக்கிலும் முதலில் இதைத்தான் காட்டிக் கொடுத்தார்களாம், நல்ல காலை ஊன்றி எழும்பிப் பழகவேண்டும் என்று. அக்காவுக்கு விழுந்துவிடுவேன் என்ற பயம். அத்தானுக்கு அவள் பயப்படுவதைப் பார்க்கமுடியாது, தூக்கிவிடுவது சுகம். இரண்டு பேரும் சேர்ந்து அதைக் கைவிட்டிருக்கிறார்கள்.

ஷிஹாப் வீட்டிலிருந்த உரமான கதிரை ஒன்றை எடுத்துச் சுவரோடு அண்டவைத்தார். அதன் மேல் மடித்த படுக்கை விரிப்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி உயர்த்தினார். முன்னால் மேசை. "உயரத்திலயிருந்து எழும்புறது லேசு. அது பழகினதும் ஒரு விரிப்பை எடுப்பம். பிறகு இன்னொண்டு. கிழமைக்கு மூண்டு நாள். கிளினிக்கிலயும் ஒருக்கா காட்டிப்போட்டுச் செய்வம். அங்கிளும் அதே நாளில என்னட்ட வந்து குந்தி எழும்பவேணும். ரெண்டு பேரும் புதுசுதானே, ரெண்டு பேருக்கும் ஒரே புரோகிராம்." பிறகு சொன்னார்: "ஆனா சாப்பிடாம பலம் வராது அன்ரி. வருத்தக்காரருக்கு எங்கட மார்க்கத்திலயும் நோன்பு கடமையில்லை."

"நீயும் பாதரும் கதைச்சு வைச்சுக்கொண்டோ வந்தனீங்கள்?" என்றாள் அக்கா. பிறகு முகம் மாறி, அத்தானைப் பார்த்தாள். "சாப்பிட்டா திரும்பப் பாரமாயிடுவன்."

"ஆகு" என்றார் அத்தான். "பாரத்தைக் கூட்டிக் கூட்டித்தான் பழகிறதெண்டு இவன் முதல் நாளே சொன்னவன். நான்தான் கேக்கேல்லை. நீ பாரமாகு மேரி. நான் பழகிறன்."

அன்று மத்தியானம் அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை அவர் பக்கத்திலிருந்து எழும்பவில்லை. கழுதை யன்னலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பாஸ்காவுக்கு அவர்கள் கோயிலுக்குப் போகவில்லை. இரண்டு பேருக்கும் இன்னும் பழக்கம் போதாது என்று ஷிஹாப் சொல்லிவிட்டார். அத்தான் அதற்கு முகம் கோணவில்லை. தலைகீழாக மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன், குந்தி எழும்பும்போது இன்றைக்கும் முனகுகிறார். ஆனால் நீளக் கம்பியை முதுகை நிமிர்த்தி, காலால் தள்ளி எழுப்பக் கற்றுக்கொண்டார். வீட்டில் அக்காவின் பாடு வேறு. ஒவ்வொரு முறை எழும்ப முயலும்போதும் ஷிஹாபைத் திட்டுவாள், என்னைத் திட்டுவாள், அந்தக் கதிரையைத் திட்டுவாள். இடையில் இளைப்பாறும் நேரத்தை ஷிஹாப் போனில் பார்க்கச் சொன்னார். அக்கா போனைத் தள்ளிவிட்டு, மூன்று தரம் அருள் நிறைந்த மரியே சொல்லி முடிந்ததும் அடுத்ததைத் தொடங்குவாள். களைப்பு கூடினால் செபம் மெதுவாகப் போகும். அத்தான் அதைக் கண்டுபிடித்து, "வேகமாச் சொல்லு, வேகமாச் சொல்லு" என்பார். விரிப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அவள் கன்னம் திரும்ப வந்தது. நான் தைத்து வைத்த சட்டை சரியாகப் பொருந்தத் தொடங்கியது.

வைகாசியில் ஒரு பின்னேரம் கதிரையில் விரிப்பு ஒன்றும் இல்லை. ஷிஹாப் மேசையையும் தள்ளி வைத்துவிட்டார். "அங்கிள், நீங்க முன்னால நில்லுங்க. கையை நீட்டி வைச்சிருங்க. ஆனா தூக்கவேண்டாம்" என்றார். தான் அக்காவுக்குப் பின்பக்கமாக நின்றுகொண்டார்.

அக்கா முன்னுக்குச் சாய்ந்தாள். இடது காலை ஊன்றினாள். எழும்பப் பார்த்து, திரும்ப இருந்துவிட்டாள். செபம் சொல்லவில்லை, திட்டவுமில்லை. மறுபடி சாய்ந்தாள். கால் நடுங்கியது. அத்தானின் கை தானாகவே முன்னுக்குப் போய், அந்தரத்தில் நின்றது. தொடாமல் நிற்க அந்த மனுசன் பட்ட பாடு இருக்கிறதே, எனக்குப் பார்க்கமுடியவில்லை.

அவள் எழும்பி நின்றுவிட்டாள்.

வருத்தம் வந்த நாளிலிருந்து அவர்கள் ஒருவரையொருவர் நேருக்கு நேர் நின்று பார்த்ததில்லை. அவர் குனிந்து பார்ப்பார், அவள் அண்ணாந்து பார்ப்பாள். இப்போது அவள் கண் அவர் மோவாய்க்கு நேராக இருந்தது. இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியும் அந்த உயரத்தை இரண்டு பேரும் மறந்துபோயிருந்தார்கள். அத்தான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மீசை முழுக்க நரைச்சுப்போச்சு உங்களுக்கு" என்றாள் அக்கா. "கீழயிருந்து பார்க்கத் தெரியேல்லை."

பிறகு மெல்ல முன்னுக்கு வந்து, நெற்றியை அவர் தோளில் சாய்த்தாள். அவர் இரண்டு கையாலும் அவளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், தூக்காதீங்க, அவ தானாகத்தான் நிக்கிறா" என்றார் ஷிஹாப்.

"தெரியும் தம்பி. நான் தூக்கேல்லை. சும்மா பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

அக்கா தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே, யாரையும் குறிப்பாகக் கேட்காத மாதிரிக் கேட்டாள்: "ஞாயிறு காலமைப் பூசை இப்ப எத்தினை மணிக்கு?"

நான்தான் சொன்னேன்.

"அதே ஆறரைக்குத்தான் அக்கா. மாறேல்லை."